நெடுஞ்சாலையில் சார்ஜர் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக என்ன பார்ப்பது, எப்போது கிளம்புவது

சென்னையிலிருந்து திருச்சி, மதுரை வழியாகத் திருநெல்வேலி வரை இப்போது சார்ஜருக்குப் பஞ்சமில்லை. திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று பெரிய ஓட்டல் வாசலிலும் பங்க்கிலும் நிற்கின்றன. நாம் போய் நிற்கும் நேரத்தில் அது ஓடுமா என்பதற்குத்தான் உத்தரவாதம் கிடையாது. அந்தச் சாலையில் மின்சாரக் காரோடு அடிக்கடி போய்வந்ததில், கோளாறுகள் எல்லாம் திரும்பத் திரும்ப ஒரு சில வகைக்குள்ளேயே வருவது தெரிந்தது. அவற்றை அறிகுறி வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். சிசிஎஸ் 2 என்ற வகைக் கன் (சார்ஜர் கேபிளின் முனையில் உள்ள, காரில் செருகும் கைப்பிடி) போடும் கார்களுக்கு, அதாவது இன்று இங்கே விற்கும் பெரும்பாலான கார்களுக்கு, இது பொருந்தும்.

படிக்கும் முன் மூன்று விஷயம்.

ஒரு சார்ஜருக்கு 15 நிமிடம். அதற்குள் மின்சாரம் ஏறவில்லை என்றால் அடுத்ததற்குக் கிளம்புங்கள். "இன்னும் ஒரு தடவை" என்று மல்லுக்கட்டியே ஒரு மணி நேரத்தை விட்டவர்கள் நிறைய.

அப்படிக் கிளம்ப வேண்டுமானால் பேட்டரியில் சரக்கு இருக்க வேண்டும். ஒரு சார்ஜரை அடையும்போது, அதற்கு அடுத்த சார்ஜர் வரை போவதற்கும் மேலே 10 சதவீதம் மிச்சம் இருக்கும்படி திட்டமிடுங்கள். 3 சதவீதத்தோடு போய் நின்றால் கீழே எழுதியிருப்பதில் பாதி உதவாது.

கோளாறு காரிலா சார்ஜரிலா என்று கண்டுபிடிக்க ஒரே வழி: வேறு நிறுவனத்தின் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் கார் மேல் சந்தேகப்படலாம். ஒரே இடத்தில் மட்டும் என்றால் கார் மேல் பழி போடாதீர்கள்.

## ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறது

பல நேரம் இது சிக்னல் கோளாறுதான். சார்ஜருக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. டவர் கிடைக்காவிட்டால் ஆப்பில் அது செத்ததாகவே தெரியும். நேரில் போனால் ஸ்கிரீன் பளிச்சென்று எரியும். அப்படி இருந்தால் அந்த நிறுவனத்தின் ஆர்எஃப்ஐடி கார்டை (சார்ஜர் மேல் வைத்தாலே வாடிக்கையாளரை அடையாளம் காணும் அட்டை) தட்டினால் சில சார்ஜர்கள் இணைய இணைப்பு இல்லாமலே தொடங்கிவிடும். வழக்கமாகப் போகும் பாதையில் எந்த நிறுவனத்தின் சார்ஜர் அதிகமோ, அதன் கார்டை முன்பே வாங்கி வையுங்கள்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். ஆப்பில் பச்சை, நேரில் பிணம். அதனால் ஆப்பின் நிறத்தை நம்புவதைவிட, பிளக்ஷேர் போன்ற, கார்க்காரர்களே சார்ஜர் அனுபவத்தைப் பதிவிடும் ஆப்பில் கடைசியாக யார், என்றைக்குச் சார்ஜ் போட்டார்கள் என்று பார்ப்பது மேல். நேற்று ஒருவர் வெற்றிகரமாகப் போட்டிருந்தால் நம்பிப் போகலாம். கடைசிப் பதிவு மூன்று மாதத்துக்கு முன்பு என்றால் அந்த இடத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

அதைவிட நல்ல வழி, சார்ஜர் நிற்கும் ஓட்டலுக்குப் போன் செய்வது. "சார்ஜர் வேலை செய்யுதா?" என்று கேட்காதீர்கள், யாரைக் கேட்டாலும் "செய்யுது சார்" என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்கு ஏதாவது வண்டி சார்ஜ் போட்டுச்சா?" என்று கேளுங்கள். வாட்ச்மேனிடம் போனைக் கொடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. எந்தக் கன் ஓடும், எது ஓடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

## ஸ்கிரீனே கறுப்பாக இருக்கிறது

முதலில் சிவப்பு அவசர பட்டனைப் பாருங்கள். குழந்தைகள் விளையாட்டாக அமுக்கியிருப்பார்கள். அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் வெளியே வரும். பிறகு சார்ஜர் உயிர்பெறச் சில நிமிடம் ஆகும். ஆனால் திருகும் முன் அங்கிருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புகை, தீப்பொறி என்று எதற்காகவாவது அமுக்கியிருந்தால் தொடக்கூடாது.

பட்டன் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் மின்தடை. ஓட்டலில் விளக்கும் ஏசியும் ஓடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஜெனரேட்டராக இருக்கும். சார்ஜரைப் பெரும்பாலும் ஜெனரேட்டரில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடையை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும். காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்கோ மாலையிலோ கொடுப்பது வழக்கம். முதல் நாள் செய்தித்தாளில் நீங்கள் நிற்கப்போகும் ஊரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே ஒரு தலைவலி மிச்சம். திடீர் மின்தடை என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் கேட்கலாம்.

மின்சாரம் இருந்தும் சார்ஜர் கறுப்பு என்றால் உள்ளே பிரேக்கர் விழுந்திருக்கும். அந்தப் பெட்டியை நீங்களும் திறக்காதீர்கள், ஓட்டல் ஆளையும் திறக்கச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது 415 வோல்ட் மூன்று ஃபேஸ். உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

## கன் பொருந்தவே இல்லை

பழைய 15 கிலோவாட் அரசுத் தர சார்ஜர்கள் சில இன்னும் மேப்பில் இருக்கின்றன. அவற்றில் உள்ள கன் வேறு வகை; ஆரம்ப கால டாக்சி வண்டிகளுக்காக வைத்தது. உங்கள் காரில் நுழையாது, அடாப்டரும் தேட வேண்டாம். மேப்பில் 'சிசிஎஸ் 2' என்று வடிகட்டிப் பாருங்கள்.

## பணம் போய்விட்டது, சார்ஜ் தொடங்கவில்லை

எரிச்சலிலேயே பெரிய எரிச்சல் இது. ஆனால் கார் சம்பந்தப்படாத கோளாறு என்பதால் தீர்ப்பதும் எளிது.

வாலட்டில் குறைந்தபட்சத் தொகை இருக்கிறதா பாருங்கள். சில ஆப்கள் ஒரு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் தொடங்க விடாது. காரணத்தையும் தெளிவாகச் சொல்லாது. அலகு விலைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு இருக்கிறது, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அடுத்து, க்யூஆர் கோடு எந்தக் கன்னுக்கு உரியது என்று பாருங்கள். இரண்டு கன் உள்ள பெட்டியில் இடது கன்னை மாட்டிவிட்டு வலது கோடை ஸ்கேன் செய்வது அடிக்கடி நடக்கிறது.

அதுவும் சரி என்றால் ஆப்பை முழுதாக மூடித் திறங்கள், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். ஓட்டல் வைஃபை பல நேரம் பாதியில் தொங்கும். அப்புறம் உதவி எண். அழைக்கும்போது சார்ஜரின் அடையாள எண், கன் எண், ஸ்கிரீனில் தெரியும் பிழைச் செய்தி மூன்றும் கையில் இருக்கட்டும். "உங்கள் பக்கத்திலிருந்து தொடங்கிவிடுங்கள்" என்று கேளுங்கள். தூரத்திலிருந்தே அவர்களால் தொடங்க முடியும். இதைக் கேட்டால்தான் செய்வார்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள்.

பிடித்த பணத்துக்காக அங்கேயே நின்று சண்டை போட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, திரும்பக் கேட்பதை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

## கன் மாட்டியாச்சு, 'வாகனத்தை இணைக்கவும்' என்றே காட்டுகிறது

வழியில் நிற்க வைப்பதில் முதலிடம் இதற்குத்தான். காரும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசி முடித்தால்தான் மின்சாரம் வரும். அந்தப் பேச்சு முறிந்துவிட்டது. கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள், செலவில்லாதது முதலில்.

கார் முழுதாக அணைந்திருக்கிறதா, கியர் பார்க்கிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஆள் உட்கார்ந்து ஏசி ஓடிக்கொண்டிருந்தால், சில கார்கள் சார்ஜுக்குத் தயாராகாது. தொடங்கிய பிறகு ஏசி போட்டுக்கொள்ளலாம்.

கன்னைக் கழற்றி, காரின் சாக்கெட்டுக்குள்ளும் கன்னுக்குள்ளும் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி, ஈரம், சிலந்தி வலை இருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். பின்களுக்குள் எதையும் விட வேண்டாம். பின் கறுத்தோ உருகியோ இருந்தால் அந்தக் கன்னைத் தொடாதீர்கள். அடுத்த வண்டிக்காரருக்காக அதைப் படம் எடுத்து ஆப்பில் போட்டுவிட்டு நகருங்கள்.

அடுத்தது கையால் செய்யும் வைத்தியம். டிசி (வேகமாக ஏற்றும் நேர் மின்சார) கேபிள் கனமானது. அதன் எடையில் கன் கீழ்நோக்கித் தொங்கும். பின்கள் சரியாக உட்காராது. கன்னை நேராக அழுத்தி, அடிப்பகுதியைக் கையால் சற்று மேலே தூக்கிப் பிடித்தபடி, இன்னொருவரை ஆப்பில் தொடங்கச் சொல்லுங்கள். பூட்டு 'டக்' என்று விழுந்து எண் ஓட ஆரம்பித்ததும் கையை எடுத்துவிடலாம். பாதிக்கு மேற்பட்ட தகராறு இதிலேயே தீர்ந்துவிடும். கையை எடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால் கன் தேய்ந்துவிட்டது. கல்லை முட்டுக்கொடுத்துச் சார்ஜ் போடுவதையெல்லாம் பார்த்திருக்கிறேன், அது பின்னைச் சூடாக்கும் வேலை.

இதுவும் சரிவரவில்லையா? வரிசையை மாற்றிப் பாருங்கள். சில சார்ஜர்களுக்கு முதலில் கன், பிறகு ஸ்கேன். சிலவற்றுக்கு முதலில் ஆப்பில் தொடங்கிவிட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள் கன்னை மாட்ட வேண்டும். பக்கத்துக் கன் காலியாக இருந்தால் அதையும் பாருங்கள்.

அடுத்தது காரைத் தூங்க வைப்பது. கன்னைக் கழற்றி, எல்லாக் கதவையும் மூடிப் பூட்டி, சாவியோடு ஐந்து நிமிடம் தள்ளிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில் உதவி எண்ணை அழைத்து சார்ஜரை ரீபூட் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் புதிதாக எழுந்து பேசினால் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இவ்வளவுக்கும் பிறகும் இல்லையென்றால் 15 நிமிடம் முடிந்திருக்கும். கிளம்புங்கள். அடுத்த நிறுவனத்தின் சார்ஜரிலும் இதே கதை என்றால், 12 வோல்ட் பேட்டரி தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சின்ன பேட்டரி இறங்கிவிட்டால் பெரிய பேட்டரிக்கான ரிலேக்கள் மூடாது. டாஷ்போர்டில் எச்சரிக்கை வருவது, கதவு பூட்டு மந்தமாக இயங்குவது எல்லாம் அதன் அடையாளம். மூன்று நான்கு வருடமான பேட்டரி என்றால் மாற்றுவதே நல்லது; காருக்கான செலவுகளில் இது சிறியது. அதற்கும் மேலே போனால் காரின் சார்ஜிங் சாக்கெட், உள்ளே உள்ள தகவல் தொடர்புப் பலகை என்று வரும். அது சர்வீஸ் சென்டர் வேலை. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் சாலையோர மெக்கானிக் தொட அனுமதிக்காதீர்கள், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும்.

## தொடங்குகிறது, சில நிமிடத்தில் நின்றுவிடுகிறது

வாலட் பணம் தீர்ந்ததா, ஆப்பிலோ காரிலோ சதவீத வரம்பு வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், வீட்டில் 80 சதவீதத்துக்கு வரம்பு வைத்துவிட்டு அதை மறந்து உதவி எண்ணைத் திட்டுகிறவர்கள் உண்டு.

மாலை நேரம் என்றால் குறைந்த மின்னழுத்தம் காரணமாக இருக்கலாம். ஸ்கிரீனில் உள்வரும் மின்னழுத்தம் பற்றிய பிழை வந்தால் காத்திருப்பதைத் தவிர உங்களால் ஆவது ஒன்றும் இல்லை. சில சார்ஜர்களில் வேகத்தைக் குறைத்துத் தொடங்கச் சொல்லி உதவி எண்ணில் கேட்கலாம். 60க்குப் பதில் 25 கிலோவாட் நின்று ஓடினால் அது லாபம்தான்.

மழைக்குப் பிறகு 'இன்சுலேஷன்' என்றோ 'ஐசொலேஷன்' என்றோ பிழை (மின்கசிவு எச்சரிக்கை) வந்தால் கன் நனைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் முயலாதீர்கள். கூரைக்கு அடியில் நிற்கும் வேறு சார்ஜருக்குப் போங்கள். காய்ந்த இடத்திலும், வேறு நிறுவனத்திலும் இதே பிழை வந்தால் அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குச் சொல்லிவிடுங்கள். இந்தப் பட்டியலில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய பிழை இது ஒன்றுதான்.

## ஏறுகிறது, ஆனால் ஆமை வேகம்

பெட்டியில் 60 என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் இரண்டு கன்னுக்கும் சேர்த்து. பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றால் உங்களுக்கு 30. அவர் எப்போது கிளம்புவார் என்று கேளுங்கள். 85 சதவீதத்தில் நிற்கிறார் என்றால் அவருக்கும் அது மெதுவாகத்தான் ஏறும். நயமாகச் சொன்னால் பெரும்பாலானோர் எடுத்துவிடுவார்கள்.

உங்கள் பேட்டரியே 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் வேகம் குறைவது இயல்பு. அங்கே நின்று 100 ஆக்குவதைவிட அடுத்த இடத்தில் மறுபடி போடுவது வேகமானது. விதிவிலக்கு ஒன்று உண்டு: அடுத்த சார்ஜர் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால், ஓடுகிற சார்ஜரை விட்டு நகராதீர்கள், 95 வரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

மே மாத மதியம் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிவந்து நேராக டிசி போட்டால் பேட்டரியும் சூடு, சார்ஜரும் சூடு. இரண்டுமே வேகத்தைக் குறைக்கும். நிழலில் நிற்கும் சார்ஜரைத் தேர்ந்தெடுங்கள். வந்து சேரும் கடைசி 15 கிலோமீட்டரை 80இல் ஓட்டுங்கள். பேட்டரியைக் குளிர்விக்கக் காரின் ஏசியையே பயன்படுத்தும் மாடல்களில், உள்ளே ஏசியை அணைத்துவிட்டு ஓட்டலுக்குள் போய் உட்காருவது உதவும்.

ஐந்தாவது நிமிடத்தில் ஸ்கிரீனில் உள்ள கிலோவாட்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். 20 யூனிட் வேண்டும், 12 கிலோவாட்தான் வருகிறது என்றால் 1 மணி 40 நிமிடம். சாப்பாட்டு நேரம் என்றால் இருக்கலாம், இல்லையென்றால் போகலாம்.

## கன் கழன்று வரமாட்டேன் என்கிறது

ஆப்பில் நிறுத்திவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். காரைப் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டித் திறங்கள். கன்னை உள்நோக்கி ஒரு தள்ளு தள்ளியபடி திறக்கும் பட்டனை அமுக்கி, பிறகு இழுங்கள். இழுவிசையில் பூட்டு ஊசி மாட்டிக்கொண்டிருந்தால் இதில் விடுபடும். அப்போதும் வரவில்லை என்றால் பெரும்பாலான கார்களில் கையால் இழுத்துப் பூட்டைத் திறக்கும் கயிறு ஒன்று இருக்கும். எங்கே என்பது கையேட்டில் உள்ளது. அதை வீட்டிலேயே ஒருமுறை பார்த்து வையுங்கள், இரவு பதினோரு மணிக்கு டார்ச்சோடு தேடும் பொருள் அல்ல அது. ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பினால் சார்ஜிங் சாக்கெட்டே போய்விடும்.

## லாட்ஜின் 15 ஆம்பியர் பிளக்கில் சிவப்பு விளக்கு

டிசி எல்லாம் கைவிட்ட இரவில் நம்மைக் காப்பாற்றுவது இதுதான். சுமார் 3 கிலோவாட் வரும். பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய 30 யூனிட். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காருடன் வந்த சார்ஜரில் சிவப்பு எரிந்தால் பத்தில் எட்டு முறை எர்த் கிடையாது. பழைய லாட்ஜ்களில் மூன்றாவது ஓட்டை அலங்காரத்துக்கு இருக்கும். ஏசி பாயிண்ட்டோ கீசர் பாயிண்ட்டோ கேளுங்கள். அவற்றுக்குத் தடித்த ஒயரும் எர்த்தும் இழுத்திருக்க வாய்ப்பு அதிகம். தரைத்தளத்து அறையாகக் கேட்டு வாங்கினால் கேபிள் ஜன்னல் வழியாக எட்டும்.

ஒரு சின்ன மல்டிமீட்டர் வைத்திருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் அளவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டரை வாங்குங்கள். ஃபேஸ் இடம் மாறியிருந்தாலும் எர்த் இல்லாவிட்டாலும் அது காட்டிக்கொடுக்கும். ஜெனரேட்டரிலும் இன்வெர்ட்டரிலும் பச்சை விளக்கு வராமல் போவது சகஜம், காரின் தப்பல்ல.

"எர்த் பின்னை நியூட்ரலோட சேர்த்துட்டா பச்சை வந்துடும் சார்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். வந்துவிடும், உண்மைதான். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்க மின்சாரம். அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். உள்ளூர் எலக்ட்ரீஷியன் வந்து முறையாக எர்த் இழுத்துக் கொடுத்தால் சரி, இல்லையென்றால் லாட்ஜை மாற்றுங்கள்.

எக்ஸ்டென்ஷன் போட்டால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு ஒயர், சுருளை முழுதும் விரித்துப் போட்டது. அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். காரில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 10க்கு இறக்குங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று மேனேஜரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், காலையில் முகச்சுளிப்பு இருக்காது.

சில பழைய சார்ஜிங் நிலையங்களில் நீல நிற வட்டமான சாக்கெட் இருக்கும். அதற்கான அடாப்டர் ஒன்று டிக்கியில் கிடந்தால் அங்கேயும் மெதுவாக ஏற்றலாம். டிசி செத்திருந்தாலும் அதே பெட்டியின் 7 கிலோவாட் ஏசி (மெதுவாக ஏற்றும் மாறு மின்சார) கன் பல நேரம் உயிரோடு இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

## அடுத்த சார்ஜர் வரை போதாது போலிருக்கிறது

எண்ணைப் பார்த்துப் பதறாமல் முதலில் வேகத்தைக் குறையுங்கள். 100இலிருந்து 80க்கு இறங்கினாலே செலவில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். 60க்கு இறங்கினால் இன்னும். ஏசியை அணைப்பது இதோடு ஒப்பிட்டால் சின்ன மிச்சம்தான். குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் அதை அணைக்காமல் வேகத்தையே குறையுங்கள். லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் யோசனை வேண்டாம்.

மலைப்பாதை என்றால் கணக்கு வேறு. கொடைக்கானலோ ஊட்டியோ, 2000 மீட்டர் ஏறுவதற்கு மட்டும் ஒரு குடும்பக் காருக்குச் சுமார் 10 யூனிட் தனியாக வேண்டும். அடிவாரத்திலேயே சார்ஜை முடித்துவிட்டு ஏறுங்கள். மேலே 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரி இறக்கத்தில் மின்சாரத்தைத் திரும்ப வாங்காது, பிரேக் மட்டுமே சுமையைத் தாங்க வேண்டிவரும்.

எப்படியும் எட்டாது என்று தெரிந்துவிட்டால், கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். 5 சதவீதம் இருக்கும்போதே பங்க், ஓட்டல், வெல்டிங் பட்டறை என்று பிளக் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு மணி நேரம் 15 ஆம்பியரில் போட்டால் 35 முதல் 40 கிலோமீட்டர் கிடைக்கும். பல நேரம் அதுவே போதும்.

அதுவும் வழியில்லை என்றால் காரின் சாலையோர உதவி எண்ணை அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 எண்ணும் உண்டு. "பிளாட்பெட் வண்டிதான் வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மின்சாரக் காரைச் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கிக் கெடுதலில் முடியும். ஹூக் போட்டு இழுக்கும் வண்டியோடு ஒருவர் வந்து "ஒண்ணும் ஆகாது சார்" என்றால் திருப்பி அனுப்பிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் காத்திருங்கள். பிளாட்பெட்டில் ஏறுவதற்காவது காரில் ஓரிரு சதவீதம் மிச்சம் இருக்கட்டும்.